பூவரசங்கட்டை

ஆவணி 2, திங்கள்

இது ரெண்டாவது நோட்டு. முதல் நோட்டை டாக்டரம்மா புரட்டிப் பாத்துட்டு மேசையில போட்டாங்க. "பக்கிரிசாமி, இது என்ன டைரியா, வருகைப் பதிவேடா? மாத்திரை போட்டேன், தூங்கினேன். மாத்திரை போட்டேன், தூங்கினேன். நடுவுல நீங்க இருந்தீங்களா இல்லையா?"

நல்லாத்தான் கேட்டாங்க. மாசி மாசம் டீக்கடை வாசல்ல வலிப்பு வந்து விழுந்தேன். அன்னையிலேருந்து வேப்பமரத்தடிக் கட்டில்தான் நான் இருக்கற இடம். டிராக்டர் ஓட்டக் கூடாது, மொபெட் ஓட்டக் கூடாது, குளத்துல இறங்கக் கூடாது, கிணத்துச் சுவத்துல உக்காரக் கூடாது. இருவது வருசமா இந்தச் சுத்துவட்டாரத்துக்கே டிராக்டர்ல சேறு அடிச்சுக் குடுத்தவன், கட்டில்ல உக்காந்து கோழி விரட்டிக்கிட்டு இருக்கேன்.

"அன்னாடம் என்ன செஞ்சீங்க, அப்ப எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. எதையும் மறைக்காதீங்க. செப்டம்பர் பத்தொம்பது வாங்க. நோட்டைப் பாத்துட்டு வண்டி ஓட்டலாமா வேணாமான்னு சொல்றேன்"னாங்க.

செப்டம்பர் பத்தொம்பதுன்னா புரட்டாசி மூணு, வெள்ளிக்கிழமை. அது முடிஞ்சு ஒரு வாரத்துல சம்பாவுக்குச் சேறு அடிக்கணும். மூணு ஏக்கர், அதாவது நம்ம ஒம்பது மா நிலத்தையும் நானே அடிக்கணும். அந்த ஒண்ணுதான் எனக்கு வேணும். வேற எதுவும் வேண்டாம்.

ஆவணி 3, செவ்வாய்

மாத்திரை போட்டேன். தூங்கினேன். (பழக்கதோஷம்.)

ஆவணி 5, வியாழன்

டிராக்டர் ஓட்டத்தானே கூடாது, தொடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. இன்னிக்குத் தார்ப்பாயை எடுத்தேன். ஆறு மாசம் அப்படியே கிடந்த வண்டி. அணில் ஒண்ணு எஞ்சின் மேல தேங்கா நார்ல வீடே கட்டி வச்சிருக்கு.

சீட்டு ரெண்டு துளை முன்னாடி தள்ளியிருந்துச்சு. அணில் சீட்டை நகத்துமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ஏறி விளையாடியிருக்கும். பின்னாடி இழுத்து என் அளவுக்கு வச்சேன்.

என் பொண்டாட்டி அம்சவல்லியை ஏறச் சொல்லி, கியர் நியூட்ரல்ல இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, சாவியத் திருப்பச் சொன்னேன். மூணாவது தடவையில பிடிச்சுச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வண்டி மேல கையை வச்சுக்கிட்டு நின்னுட்டேன். வெக்கமா இருந்துச்சு, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

லிஃப்ட் லீவரைத் தூக்கச் சொன்னேன். பின்னாடி மாட்டியிருக்கற, சேறு கலக்கற ரொட்டவேட்டர் முனகிக்கிட்டே எழுந்திருச்சு. வேண்டா வெறுப்பா. பாதியில நின்னு, நடுங்கி, மறுபடியும் எழுந்திருச்சு. அளவுக் குச்சியை உருவிப் பாத்தேன். ஆயில் டீ நிறத்துல இருக்கு. பால் ஊத்தின டீ. தண்ணி புகுந்திருக்கு. தை மாசம் முழங்கால் சேத்துல ஓட்டினது, அப்பறம் ஆறு மாசமா பனியும் வெயிலும். ஹைட்ராலிக் ஆயில் மொத்தமும் மாத்தணும், ஃபில்டரும் மாத்தணும்.

இதை விளக்கமா எழுதணும் டாக்டரம்மா, இல்லாட்டி உங்களுக்குப் புரியாது. சேத்துல ஓட்டும்போது பழைய நெல்லுத்தாளு வைக்கோலெல்லாம் ரொட்டவேட்டர் கத்தியில சுத்திக்கும். நான் எஞ்சினை நிறுத்திட்டு, அதைத் தூக்கிப் பிடிச்சபடி சீட்டுல உக்காந்திருப்பேன். அம்சா அருவாளோட அதுக்கு அடியில கையை விட்டு அறுத்து எடுப்பா. நானூறு கிலோ இரும்பு. அதைத் தூக்கி நிறுத்தி வச்சிருக்கறது இந்த ஆயில்தான். லீவரு என் கையில. பதினாறு வருசமா அவ நிமிர்ந்து கூடப் பாத்ததில்ல.

ஆவணி 8, ஞாயிறு

உத்திராபதி வந்தான். வாய்க்காலுக்கு அந்தாண்ட வயல்காரன், வயசுல எனக்கு ஒரு மாசம் இளையவன், பேச்சுல பத்து வருசம் பெரியவன். குச்சியைப் பாத்துட்டு, "தொண்ணூறு நம்பர் ஆயில ஊத்துடா, என் வண்டிக்கு அதான், ராஜா மாதிரி ஓடுது"ன்னான்.

அவன் வண்டி அந்தக் காலத்து வண்டி, பிரேக்கு தனியாக் காய்ஞ்சு கிடக்கும். என் வண்டியில பிரேக்கும் அதே ஆயில்லதான் முங்கிக் கிடக்கு. கியருக்கும் லிஃப்டுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில். கெட்டியான தொண்ணூறை ஊத்தினா பிரேக்கு கத்தும், பிடிக்க வேண்டிய நேரத்துல வழுக்கும். சொன்னா கேக்கறானா? "நீ படிச்சவன்டா"ன்னு நக்கல்.

அம்சா உள்ள போயி வண்டியோட புத்தகத்தை எடுத்துட்டு வந்தா. எந்தப் பக்கம்னு தேடக்கூட இல்ல, டக்குனு திருப்பி, "ஈர பிரேக்குக்கான ஆயில்னு போட்டிருக்கு, நாப்பது லிட்டர்"னு படிச்சுக் காட்டினா. உத்திராபதி குச்சியைத் திருப்பிச் சொருகிட்டான். அவனும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு சிரிச்ச மாதிரி இருந்துச்சு. எதுக்குன்னு எனக்குப் புரியல.

போகும்போது பத்தொம்பதாம் நம்பர் ஸ்பேனரைத் திருப்பிக் குடுத்தான். மாசி மாசம் நான் விழுந்தப்ப என் கையில திணிச்சது அதைத்தான். இரும்பைப் பிடிச்சா வலிப்பு நிக்கும்னு. நிக்கல, கை உதறினதுல அது பட்டு முன்பல்லுதான் ஒண்ணு உடைஞ்சுச்சு. நீங்க கூடத் திட்டினீங்க. "உசுரு பொழைச்சுதுல்ல?"ன்னு இன்னிக்கும் பெருமை பேசறான், கழுதை.

ஆவணி 10, செவ்வாய்

ஆயில் வாங்க மன்னார்குடி போனோம். அம்சா மொபெட் ஓட்ட, நான் பின்னாடி. ஊர் பாக்கட்டும், எனக்கென்ன.

வழியில பாமணி ஆத்துப் பாலத்துகிட்ட மண்வாசனை அடிச்சுச்சு. மழை வர்றதுக்கு முந்தி வருமே, அந்த வாசனை. வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஆத்துத் தண்ணி அப்படியே நின்னு மின்னிச்சு. தூரத்துல ஒரு கொக்கு எழும்பி, இறங்கவே செய்யாம, ரொம்ப நேரம் எழும்பிக்கிட்டே இருந்துச்சு. அவ்வளவு அழகு. சொல்லப்போனா எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. கொஞ்சம் யோசனையில இருந்துட்டேன்.

பாத்தா கடை வாசல்ல நிக்கிறோம். என் கையில டீ. ஆடை கட்டிப் போயிருக்கு. "குடிங்க, ஆறிப் போச்சு"ன்னா அம்சா. என் சட்டையில மேல் பொத்தான் ரெண்டும் கழண்டிருந்துச்சு. வெயில், அதான்.

இருவது லிட்டர் பக்கெட் ரெண்டு, ஊத்தி நிரப்ப ஒரு சின்ன கேன், வெளி ஃபில்டர் ஒண்ணு. அதெல்லாம் மினி வேன்ல வந்து சேந்துச்சு.

ஆவணி 13, வெள்ளி

ஆயில் இறக்கினேன். மேடு பள்ளம் இல்லாத இடம் பாத்து அம்சா வண்டியைக் கொஞ்சம் நகத்தினா. (முதல் கியர்ல, பத்தடிதான். ஒழுங்காத்தான் நகத்தினா. எப்படின்னு தெரியல.) கால் மணி ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுன்னு ஆனதும் நிறுத்தி, ரொட்டவேட்டரை இறக்கித் தரையில உக்கார வச்சேன். அப்பத்தான் உள்ள இருக்கற ஆயில் மொத்தமும் கீழ வரும்.

இருபத்தஞ்சு லிட்டர் டப்பு ரெண்டு. ஒண்ணு அடியில, ஒண்ணு பக்கத்துல. முதல் டப்பு நிறைஞ்சதும் இழுத்துட்டு ரெண்டாவதைத் தள்ளணும். பத்தொம்பதாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு நட்டைத் திருகினேன். முதல்ல கொஞ்சம் தண்ணி. அப்பறம் ஆயில். பழுப்பா, வெயில் பட்ட இடத்துல பொன்னா, சத்தமே இல்லாம, ஒரு கயிறு மாதிரி இறங்குச்சு. குந்தி உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். வேப்பம்பூ எப்பவோ உதிர்ந்து முடிஞ்சுது, ஆனா எங்கேருந்தோ மண்வாசனை மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. கயிறு அசையவே இல்ல. எல்லாமே நிம்மதியா இருந்துச்சு. இப்படியே இருந்தா என்னன்னு தோணுச்சு.

டப்பு சின்னது. நிரம்பி வழிஞ்சு வேப்பமரத்து வேரு வரைக்கும் ஓடிருச்சு. என் கால் ரெண்டும் ஆயில். ரெண்டாவது டப்பு கைக்கெட்டற தூரத்துல காலியா இருந்துச்சு.

அம்சா அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. "மூணு தடவை கூப்பிட்டேங்க."

"கேக்கல. ஆயில் சத்தம்."

"ஆயிலுக்கு ஏதுங்க சத்தம்"னு சொல்லிட்டு, சாம்பலை அள்ளியாந்து என் காலைச் சுத்திப் போட்டா.

ஆவணி 14, சனி

இன்னிக்கு எல்லாத்தையும் பதனமா செஞ்சேன். உள்ள இருக்கற கம்பிவலை ஃபில்டரை டீசல்ல கழுவினேன். அடை அடையா சாம்பல் நிறச் சேறு. லிஃப்ட் முனகினது இதனாலதான், உறிஞ்சப் பாத்து உறிஞ்ச முடியாம. பாவம்.

வெளி ஃபில்டரைக் கழட்டினேன். டப்பா மாதிரி திருகிக் கழட்டறது. அதோட வாய்ல ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சில சமயம் டப்பா கையோட வந்துரும், வளையம் வண்டியிலேயே ஒட்டிக்கிட்டு நின்னுரும். அதைப் பாக்காம மேல புது வளையத்தோட ஃபில்டரை மாட்டினா ஒழுகும். கத்துக்குட்டிங்க செய்யற தப்பு. நான் பழைய வளையத்தை விரல்ல நிமிண்டி எடுத்து, அந்த இடத்தைத் துணியால தொடச்சேன். புது வளையத்துல ஆயில் தடவி, கையாலதான் இறுக்கினேன்.

அப்பறம் புது ஆயில். நாப்பது லிட்டர். தேன் நிறம். அம்சா புனலைப் பிடிச்சுக்கிட்டா. குச்சியில சரியா மேல்கோடு. ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு, கீரைக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டோம். ரொம்ப நாள் கழிச்சு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆவணி 15, ஞாயிறு

மறுபடியும் சீட்டு ரெண்டு துளை முன்னாடி. இந்தப் பிள்ளைங்களைப் பிடிச்சு ஒரு நாளைக்கு வைக்கறேன்.

ஆவணி 18, புதன்

ஃபில்டர் பக்கம் ஆயில் ஒழுகி மண்ணெல்லாம் ஈரம். வயித்தெரிச்சலா இருந்துச்சு. கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்னு அரை மணி நேரம் திட்டினேன். அம்சா விசிறிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா.

ஃபில்டரைக் கழட்டினேன். வண்டியில பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அது மேல புது வளையம்.

எடுத்தேனே. நிமிண்டி எடுத்தேன். அந்த இடத்தைத் தொடச்சேன். துணியில கறுப்பா ஒட்டினது கூட ஞாபகம் இருக்கு.

வளையத்தைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன். மறுபடியும் மாட்டி, சின்ன கேன்லேருந்து ஆயில் ஊத்தினேன். ஃபில்டரோட ரெண்டு வளையம் வந்திருக்கும். கம்பெனிக்காரன் தப்பு.

ஆவணி 22, ஞாயிறு

இன்னிக்கு நடந்ததை நடந்தபடியே எழுதறேன்.

காலையில லிஃப்ட் சோதனை. அம்சா எஞ்சினைப் போட்டா, லீவரைத் தூக்கினா. ரொட்டவேட்டர் ஒரே மூச்சுல, முனகாம, மேல போயி நின்னுச்சு. கைதட்டணும்போல இருந்துச்சு. எஞ்சினை நிறுத்திட்டு இறங்கிட்டா. இறங்குதா பாக்கலாம்னு குச்சி வச்சு அளந்தோம். அரை மணி நேரமாகியும் நூலளவு கூட இறங்கல. தங்கம்.

தை மாசத்துத் தாளு இன்னும் கத்தியில காய்ஞ்சு சுத்திக் கிடந்துச்சு. "அறுத்துடறேன்"னு அம்சா அருவாளை எடுத்தா. நான் வண்டியோரமா, லீவருக்குப் பக்கத்துல நின்னேன். ஓட்டலையே, நிக்கத்தானே செஞ்சேன்.

மண்வாசனை வந்துச்சு. அவ முதுகுல வெயில் விழுந்து, புடவைப் பூவெல்லாம் ஒண்ணொண்ணா எழும்பி நின்ன மாதிரி.

தொம்முனு ஒரு சத்தம்.

ரொட்டவேட்டர் கீழ வந்திருச்சு. முழுசா வரல. அடியில ஒரு பூவரசங்கட்டை நட்டுக்குத்தா நிக்குது, அது மேல சாய்ஞ்சு நிக்குது. அம்சா அடியிலதான் இருந்தா. முழங்கை வரைக்கும் கத்திக்கு நடுவுல. மெதுவாக் கையை வெளிய எடுத்தா. வளையல் கூட உடையல. அவ ரொட்டவேட்டரைப் பாக்கல, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தா.

லீவரு கடைசி வரைக்கும் இறங்கியிருந்துச்சு. என் விரல் அதைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

"ஆயில் சரியில்ல போலருக்கு"ன்னேன்.

"ஆமாங்க. புது ஆயில், பழகணும்ல"ன்னா.

"கட்டை எப்ப வச்ச?"

"நீங்க பாத்துக்கிட்டு இருக்கறப்பதான். கட்டை வச்சுக்கவான்னு கேட்டேன். ம்னு சொன்னீங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்ல.

ஆவணி 23, திங்கள்

எழுத ஒண்ணுமில்ல.

ஆவணி 24, செவ்வாய்

இந்த நோட்டை முதல்லேருந்து படிச்சேன். சட்டைப்பையிலேருந்து ரப்பர் வளையத்தை எடுத்துப் பக்கத்துல வச்சுக்கிட்டேன்.

ஆவணி பதினாலாந்தேதி, பழைய வளையத்தை எடுத்தேன்னு என் கையெழுத்துல இருக்கு. வளையம் இங்க இருக்கு. பொய் எழுதணும்னு நான் எழுதல டாக்டரம்மா. டீ ஆறினது, டப்பு சின்னதுன்னு எழுதினதுல கொஞ்சம் மழுப்பல் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா வளையத்தை நெசமாவே எடுத்தேன்னுதான் எழுதினேன். அந்த நேரத்துல நான் அங்க இல்லங்கறது எனக்கே தெரியாது. தெரியாததை எப்படி எழுதறது?

அம்சாவைக் கூப்பிட்டு, "எத்தனை தடவை?"ன்னு கேட்டேன். எதைன்னு அவ கேக்கல. எழுந்து போயி கடுகு டப்பாவை எடுத்துட்டு வந்தா. உள்ள தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளு, மடிச்சு மடிச்சு. எனக்கு அப்படி ஆன அன்னைக்கெல்லாம் அந்தத் தேதித் தாளைத் தூக்கிப் போடாம எடுத்து வச்சிருக்கா. பதினோரு தாளு. முதல் தாளு ஆனி மாசம்.

"ஏன்டி சொல்லல?"

"என்னன்னு சொல்றது? அந்த வண்டியத் தொட்டதுக்கு அப்பறந்தான் நீங்க சிரிக்கவே ஆரம்பிச்சீங்க. டாக்டரம்மாகிட்ட தனியா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"அன்னிக்கு அடியில கையை விட்டியே, பாவி. தெரிஞ்சுக்கிட்டே விட்டியே."

"கட்டை வச்சுத்தானே விட்டேன்"னா. சொல்லிட்டு அழுதா. நானும் அழுதேன். சேத்து வச்ச அழுகையெல்லாம் அழுதோம்.

இந்த நோட்டுல மூணு பக்கத்தைக் கிழிச்சா போதும், புரட்டாசி மூணாந்தேதி நான் வண்டியில ஏறிடலாம். கிழிக்கலாம்னு கையை வச்சேன், அதையும் எழுதிடறேன். அப்பறம் அம்சாவோட கையைப் பாத்தேன். முழங்கையிலேருந்து விரல் வரைக்கும் முழுசா இருந்துச்சு. பதினோரு தாளையும் நோட்டுக்குள்ள வச்சு நூல் போட்டுக் கட்டிட்டேன்.

புரட்டாசி 3, வெள்ளி

டாக்டரம்மா முழுசும் படிச்சாங்க. வெளிய அத்தனை கூட்டம் காத்துக்கிட்டு இருக்க, ஒரு பக்கம் விடாம படிச்சாங்க. காலண்டர் தாளை ஒண்ணொண்ணா விரிச்சு எண்ணினாங்க. வளையத்தையும் எடுத்து மேசையில வச்சேன். அதைக் கையில வச்சுத் திருப்பிக்கிட்டே சொன்னாங்க, "இதுவும் வலிப்புதான் பக்கிரிசாமி. விழாத வலிப்பு. அந்த வாசனை வர்றதே அதோட ஆரம்பம்."

மாத்திரை மாத்தியிருக்காங்க. ஒரு வருசத்துக்கு வண்டி கிடையாது. லீவர் பக்கமே நிக்கக் கூடாது. அந்த வாசனை வந்தா இருக்கற இடத்துலேயே கீழ உக்காந்துடணும், பக்கத்துல இருக்கறவங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடணும்.

ஒரு வருசம். தெரிஞ்சுதான் போனேன். ஆனாலும் பஸ்ஸுல ஊர் வர்ற வரைக்கும் அடுத்தவன் வயல்ல ஓடற டிராக்டரையே எண்ணிக்கிட்டு வந்தேன்.

புரட்டாசி 5, ஞாயிறு

சீட்டு மறுபடியும் முன்னாடி இருந்துச்சு. இந்தத் தடவை பாத்தேன், கிளட்ச் மிதிக்கற இடத்துல சின்னச் செருப்புத் தடம். அட மடையா பக்கிரி.

கேட்டேன். அம்சா ஆடி மாசம் பூரா உத்திராபதியோட பழைய வண்டியில பழகியிருக்கா. நான் மதியம் மாத்திரை போட்டுத் தூங்கற நேரத்துல. அப்பப்ப நம்ம வண்டியிலயும் ஏறி உக்காந்து, சீட்டை நகத்தி, காலு எட்டுதான்னு பாத்திருக்கா. "அவரு கத்தற கத்துல காதே போச்சுங்க"ன்னா. எனக்குக் கோவம் வந்துச்சு. பொண்டாட்டிக்கு வண்டி சொல்லித்தர அந்தத் தொண்ணூறு ஆயில்காரனா? நான் எதுக்கு இருக்கேன்?

சாயங்காலம் ஸ்பேனரை எடுத்து, சீட்டை இன்னும் ஒரு துளை முன்னாடி வச்சு நட்டை இறுக்கினேன். அவளுக்குக் காலு எட்டணும்ல.

புரட்டாசி 12, ஞாயிறு

சேறு அடிச்சோம். அடிச்சது அம்சா. நான் வரப்புல நடந்துக்கிட்டே கத்தினேன். திருப்பத்துல ஒரு இடம் திட்டு விட்டுட்டா, மூலையில ரெண்டு தடவை தடுமாறினா. மத்தபடி குறை சொல்ல ஒண்ணுமில்ல. தேடித்தான் பாத்தேன்.

நடுவுல தாளு சுத்திக்கிச்சு. எஞ்சினை நிறுத்தித் தூக்கிப் பிடிச்சா. நான் அருவாளோட சேத்துல இறங்கினேன்.

"கட்டைய வைங்க முதல்ல."

"நீதானேடி லீவர்ல இருக்க."

"நானா இருந்தா என்ன? வைங்க."

பலகையைப் போட்டு, அது மேல பூவரசங்கட்டையை நிறுத்திட்டுத்தான் அடியில கையை விட்டேன். பதினாறு வருசத்துல முதல் தடவை. கத்தி முனையெல்லாம் கண்ணுக்கு அவ்வளவு கிட்டத்துல இருக்கு. பயமா இருந்துச்சு. இவ எப்படித்தான் நிமிராம அறுத்தாளோ.

கடைசி மாவுக்கு வண்டி போயிக்கிட்டு இருந்தப்ப, வரப்புல நடந்துக்கிட்டு இருந்த எனக்கு மண்வாசனை வந்துச்சு.

மாத்திரையெல்லாம் மாத்தியும் இப்படியான்னு இருந்துச்சு. அப்படியே வரப்புல உக்காந்து, ரெண்டு கையையும் தூக்கி, "அம்சா! வருது! வாசனை வருது!"ன்னு கத்தினேன்.

அவ வண்டியை நிறுத்திட்டு, சேத்துல விழுந்தடிச்சு ஓடியாந்தா. பக்கத்துல உக்காந்து என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. மூச்சு வாங்குச்சு. ரெண்டு பேரும் அது வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தோம்.

அவ மூக்கை உறிஞ்சினா. இன்னொரு தடவை உறிஞ்சினா.

"ஏங்க, எனக்கும் அடிக்குதுங்க."

தெக்கால பாத்தோம். கறுத்துக்கிட்டு வருது. முதல் தூத்தல் அவ நெத்தியில விழுந்துச்சு, அடுத்தது என் கையில. எழுந்திருக்காம அங்கேயே நனைஞ்சுக்கிட்டு இருந்தோம்.

மீதி ஒரு மா நாளைக்கு.